உள்ளூர்க் கடைத்தெருவைக் காப்பாற்றுவது எப்படி? ராமநாதபுரம் கடலோர ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீழக்கரை வள்ளல் சீதக்காதி சாலையிலோ ராமநாதபுரம் அரண்மனைப் பக்கமோ ஒரு பழைய கடை மூடினால் அந்த இடத்தில் அடுத்து என்ன வரும்? ஒன்று செல்போன் கடை, இல்லாவிட்டால் ஏடிஎம், இல்லாவிட்டால் மதுரையிலும் திருச்சியிலும் பார்த்த அதே பெயர்ப்பலகையோடு ஒரு கிளை. அதில் தவறொன்றும் இல்லை, எல்லாமே ஊருக்கு வேண்டியவைதான். ஆனால் அப்படி இருபது கடை மாறிய பிறகு அந்தத் தெருவுக்குப் போக வேறு ஊர்க்காரருக்குக் காரணம் எதுவும் இருக்காது. நம் பிள்ளைகளுக்கும் இருக்காது.

இதைத் தடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வண்ணம் அடிப்பதிலும் வளைவு கட்டுவதிலும் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் தெருவின் குணம் கடைக்காரரின் குத்தகைக் காலத்திலும், அவருக்குப் பிறகு கல்லாவில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதிலும் இருக்கிறது. அந்த இரண்டும் உறுதியானால் மற்றவை தானாக வரும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த இரண்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வியாபாரிகள் சங்கத்தில் இருப்பவர்கள், கட்டட உரிமையாளர்கள், ஊர் நலனில் அக்கறை உள்ள இளைஞர்கள் என்று யார் வேண்டுமானாலும் தொடங்கலாம்.

முதல் வேலை: தெருவை நோட்டில் ஏற்றுங்கள்

ஒரு நீளமான கணக்கு நோட்டு போதும். கடைக்கு ஒரு பக்கம். தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரு கடையும் விடாமல் எழுத வேண்டும். மூடிக் கிடக்கும் ஷட்டருக்கும் ஒரு பக்கம் உண்டு.

ஒவ்வொரு பக்கத்திலும் வர வேண்டியவை: என்ன வியாபாரம், எப்போதிலிருந்து, சரக்கு எங்கிருந்து வருகிறது, எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், கட்டடம் சொந்தமா வாடகையா, வாடகை என்றால் உரிமையாளர் உள்ளூரிலா வெளிநாட்டிலா, இல்லை பள்ளிவாசல், கோவில், நகராட்சிக்குச் சொந்தமா, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, எப்போது முடிகிறது, பெரியவருக்குப் பிறகு யார்.

இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். வருமான வரி ஆபீஸிலிருந்து வந்திருப்பதாக நினைப்பார்கள். கடைக்காரருக்குப் பழக்கமான ஒரு பெரியவரோடு ஓர் இளைஞர் சேர்ந்து போவது நல்லது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். கடையின் கதையிலிருந்து ஆரம்பியுங்கள். "பாய், உங்க வாப்பா காலத்துல இந்த இடத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டால் போதும், அடுத்த அரைமணி நேரம் அவரே பேசுவார். கப்பலில் போனது, கொழும்பிலிருந்து சரக்கு வந்தது, 1964 புயலில் தனுஷ்கோடி போனபோது யார் யார் இங்கே வந்து கடை போட்டார்கள் என்று எல்லாம் வரும். வாடகைத் தொகையை முதல் நாள் கேட்கவே கேட்காதீர்கள். இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் அவரே சொல்வார்.

நோட்டு முடிந்ததும் சிவப்புப் பேனாவை எடுங்கள். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குள் முடிகிற கடை, எழுத்தில் எதுவுமே இல்லாத கடை, வயதான உரிமையாளருக்குப் பின் ஆள் இல்லாத கடை ஆகிய மூன்றுக்கும் பக்கத்தின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு. எங்கே ஓட வேண்டும் என்பது அந்தக் கோடுகளில் தெரிந்துவிடும். சங்கத்தின் முதல் வருட வேலைத்திட்டம் அதுதான், தனியாகக் கூட்டம் போட்டு யோசிக்க வேண்டியதில்லை.

இந்த நோட்டில் ஊராருடைய சொந்த விஷயங்கள் இருக்கின்றன. செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். நம்பிக்கையான இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

இங்கே மட்டும் கிடைப்பது எது?

எல்லாப் பழைய கடையும் அரிய கடை இல்லை. பிளாஸ்டிக் வாளி விற்கும் ஐம்பது வருடக் கடையும் உண்டு, நேற்றுத் தொடங்கிய அருமையான கருவாட்டுக் கடையும் உண்டு. வயதைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள்.

நம் கடலோரத்துக்கென்று சில சரக்குகள் இருக்கின்றன. ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டையாக, தடித்த தோலோடு, எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும் அந்த வத்தலைக் கையில் வாங்கியதும் தரம் பிரித்துச் சொல்லும் கடைக்காரர் சூப்பர் மார்க்கெட்டில் கிடையாது. பாம்பன், மண்டபம் பக்கத்துக் கருவாடு, சாயல்குடி வட்டாரத்துக் கருப்பட்டி, பனை ஓலைப் பெட்டிகள், ராமேஸ்வரத்துச் சங்கு வேலைப்பாடு, கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு என்று பட்டியல் நீளும். இதோடு சேவைகளையும் சேருங்கள். வலைக்கும் தூண்டிலுக்கும் வேண்டிய கயிறு, ஈயம், மிதவை விற்கும் கடை, படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர், மீன்பிடித் தடைக்காலத்தில் பற்று எழுதி அரிசி கொடுக்கும் பலசரக்குக் கடை, இவர்களெல்லாம் இல்லாவிட்டால் மீனவக் குடும்பங்கள் அந்தத் தெருவுக்கே வராது. சுற்றுலா வருகிறவரை மட்டும் நம்பி நிற்கும் கடைத்தெரு ராமேஸ்வரத்தில் கூட ஆடி அமாவாசை, தை அமாவாசை கூட்டம் கலைந்ததும் சோர்ந்து போகிறது. உள்ளூர் வீட்டுக்காரம்மா வாரம் இரண்டு முறை பையோடு வரும் தெருதான் நிலைக்கும்.

கட்டட உரிமையாளரோடு பேசுவது

இதுதான் இருப்பதிலேயே கடினமான படி, பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோகும் இடமும் இதுவே.

நம் ஊர்களில் கடைக் கட்டடங்கள் பல துபாயிலும் மலேசியாவிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்குச் சொந்தம். தாத்தா கட்டியது வாப்பாவுக்கு வந்து, இப்போது எட்டுப் பத்து வாரிசுகளுக்குப் பங்கு இருக்கும். வாடகையை உள்ளூரில் ஒரு சித்தப்பா வாங்கி அனுப்பிக்கொண்டிருப்பார். ஆளுக்குச் சில நூறு ரூபாய் வருவதால் யாருக்கும் அக்கறை இல்லை. ஒருவருக்குப் பணத்தேவை வந்ததும் விற்றுவிடலாம் என்ற பேச்சு எழும். வாங்குகிறவர் மூன்று கடையை இடித்து ஒரு பெரிய ஹாலாகக் கட்டி, பெரிய நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுவார். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பேச வைப்பது சங்கத்தின் வேலை. வெளிநாட்டில் இருப்பவர்கள் நோன்புக்கும் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் ஊர் வருகிற சமயத்தில் போய்ப் பாருங்கள். ஜமாஅத் பெரியவர்கள் ஒருவரையாவது கூட்டிப்போங்கள். இங்கே பாகப்பிரிவினைச் சிக்கல்களைப் பேசித் தீர்த்துப் பழகியவர்கள் அவர்கள். "கடையைக் காப்பாத்துங்க" என்று உருக்கமாகப் பேசுவதை விட, பத்து வருடத்துக்கு வாடகை எவ்வளவு வரும், எப்படி உயரும், இடத்தை யார் பராமரிப்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாரிசுகளுக்குள் ஒரே வங்கிக் கணக்கைத் தொடங்கி வாடகையைப் பங்குப்படி பிரிக்கும் ஏற்பாட்டையும் நீங்களே சொல்லுங்கள். பலர் விற்க நினைப்பதே கணக்குத் தொல்லையால்தான்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு உள்ளூர் உறவினருக்குப் பவர் எழுதிக் கொடுத்தால் வேலை சுலபமாகும். அங்கே எழுதிய பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்தால் பின்னால் சிக்கல் வரும்.

ஒப்பந்தத்தில் வர வேண்டியவை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

காலம்: 11 மாத ஒப்பந்தம் பதிவுச் செலவைத் தவிர்க்க வந்த பழக்கம். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் எல்லோரும் 11 மாதத்தோடு நிறுத்துகிறார்கள். ஆனால் 11 மாத உறுதியில் யாரும் கடைக்கு நல்ல அலமாரி கூடப் போட மாட்டார்கள். ஐந்தாறு வருடத்துக்கு எழுதிப் பதிந்துகொள்ளுங்கள், செலவை இருவரும் பாதி பாதி ஏற்கலாம். தமிழ்நாட்டில் 1960-ன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017 சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நகர்ப்புற வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாய்ப்பேச்சில் நாற்பது வருடம் ஓட்டிய கடைக்காரர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும். "அவுக குடும்பமும் எங்க குடும்பமும் அப்படியில்ல தம்பி" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை இவரைப் பார்த்ததே இல்லை என்பதையும் மென்மையாகச் சொல்லுங்கள்.

உயர்வு: வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே எழுதுங்கள். "அப்போதைய நிலவரப்படி" என்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள்.

பருவம்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற ஊர்களில் அந்த இரண்டு மாதம் பஜாரில் காசு புழங்காது. ராமேஸ்வரத்தில் அமாவாசை மாதங்கள், கீழக்கரையில் ரமலான், ஏர்வாடியில் சந்தனக்கூடு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு உச்சம் உண்டு. வருட வாடகை அதே தொகையாக இருக்கட்டும், ஆனால் தடைக்காலத்தில் பாதி, உச்ச மாதங்களில் கூடுதல் என்று பிரித்து எழுதலாம். உரிமையாளருக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. கடைக்காரர் மே மாதத்தில் வட்டிக்கு வாங்காமல் தப்பிப்பார். இதைக் கேட்ட உரிமையாளர்கள் பெரும்பாலும் தலையசைக்கிறார்கள், இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை.

விற்பனை: கட்டடத்தை விற்பதாக இருந்தால் முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் சொல்லி, விலை பேச இரண்டு மூன்று மாத அவகாசம் தர வேண்டும் என்று ஒரு வரி. தனியாக வாங்க முடியாதவருக்கு, பக்கத்துக் கடைக்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வாங்க அந்த அவகாசம் உதவும். நவரத்தின வியாபாரத்தில் பேர் எடுத்த ஊர் கீழக்கரை. ஊரில் ஒரு கடையை வாங்கிப் போட முடிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். நியாய வாடகைக்குப் பழைய கடைக்கே விடுவதாகச் சொல்லி வாங்க அவர்களை அழையுங்கள்.

கைமாற்றம்: தொழிலைப் பிள்ளைக்கோ பழைய வேலையாளுக்கோ கொடுக்க உரிமையாளர் சம்மதிக்கிறார் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் இன்னொருவரை உள்ளே கொண்டுவருவது உள்வாடகை என்று கருதப்படலாம்.

கோவில் இடம், வக்ஃப் இடம் என்றால் வேறு விதிகள். கோவில் சொத்தை ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். வாடகை நிர்ணயமும் அறநிலையத் துறைச் சட்டப்படிதான். இங்கே பேச்சுவார்த்தைக்கு இடம் குறைவு. பாக்கி இல்லாமல் ரசீதோடு கட்டிவருவதுதான் பெரிய பாதுகாப்பு. தாத்தா பெயரிலேயே ரசீது வந்துகொண்டிருந்தால் உடனே பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

பெரியவருக்குப் பிறகு யார்?

கீழக்கரையில் தொதல் கிண்டுவதை ஒருமுறை நின்று பாருங்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஜவ்வரிசியும் பெரிய வாணலில் மணிக்கணக்காகக் கிண்டுபடும். முதலில் கஞ்சியாக இருக்கும். அப்புறம் இறுகி, துடுப்பைப் பிடித்து இழுக்கும். கடைசியில் தேங்காயெண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்போது வாணலில் ஒட்டாமல் சுருண்டு வரும். அந்தக் கட்டத்தில் கொஞ்சம் முன்னால் இறக்கினால் நாலே நாளில் பூசணம் பூக்கும், கொஞ்சம் தாமதித்தால் கல்லாகும். அடுப்பை விட்டு எப்போது இறக்குவது என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறவர் பெரும்பாலும் கடை முதலாளி இல்லை, இருபது வருடமாகத் துடுப்புப் பிடிக்கும் மாஸ்டர். அவருக்கு அந்தக் கடையில் பங்கு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. முதலாளியின் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார், திரும்ப வரமாட்டார். பெரியவர் கண்ணை மூடினால் கடையும் மூடும், மாஸ்டர் வேறு ஊருக்குக் கூலிக்குப் போவார்.

இதற்கு வழி பெரியவர் திடமாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். மூன்று வருடத் திட்டமாக வையுங்கள்.

முதல் வருடம், வேலையாளையோ மருமகனையோ மகளையோ கொள்முதலுக்குக் கூட்டிப்போக வேண்டும். மண்டி, மொத்த வியாபாரி, லாரி ஆபீஸ் எல்லா இடத்திலும் "இனிமே இவுகதான் வருவாக" என்று அறிமுகம். வியாபாரத்தில் பெயர்தான் பாதி முதல். மகள் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். நம் ஊர்களில் வீட்டிலிருந்தே பலகாரமும் ஊறுகாயும் செய்து விற்கும் பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கடை கிடைத்தால் தெருவில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மூடும் நிலையில் உள்ள ஒரு பலகாரக் கடையைப் பார்த்தால், முதலில் அவர்களில் யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசியுங்கள்.

இரண்டாம் வருடம், கூட்டுத்தொழில் பத்திரம். லாபத்தில் சிறிய பங்கிலிருந்து தொடங்கலாம். சரக்கு மதிப்பு, கடைப் பெயரின் மதிப்பு, அட்வான்ஸ் யாருக்குச் சேரும் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். கடைப் பெயரை யாரும் பதிந்திருக்க மாட்டார்கள். அதற்கு வணிகமுத்திரை விண்ணப்பம் இப்போதே போட்டுவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அதே பெயரில் புறவழிச்சாலையில் இன்னொரு கடை வரும்.

மூன்றாம் வருடம், பற்று நோட்டு. யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்தக் குடும்பம் சீசனில் மொத்தமாகத் தீர்க்கும், யாரிடம் கேட்கவே கூடாது என்பதெல்லாம் பெரியவரின் தலையில் மட்டுமே இருக்கும். புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடைக்காலத்தை முழுதாகப் பார்த்தால்தான் அது கைமாறும். கடனை நிறுத்தினால் ஆள் போய்விடுவார், அள்ளிக் கொடுத்தால் கடை போய்விடும். இந்த அளவு எந்த ஆப்பிலும் கிடையாது.

சின்னக் கடையைச் சின்னதாகவே விடுங்கள்

பெரிய கிளை நிறுவனங்களைத் தடுக்க முடியுமா என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் 11 கிளைகளும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் குடியிருப்புப் பகுதிக் கடைத்தெருவுக்குள் வர வேண்டுமானால் தனி அனுமதி கேட்டு, பொது விசாரணைக்கு வர வேண்டும். 2006-ல் மக்கள் வாக்களித்தே அதை நகரம் முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். பாரிஸ் நகரம் 2004-லிருந்து தரைத்தளக் கடைகளை வாங்கிப் புத்தகக் கடை போன்ற தனி வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டது. நம் நகராட்சிகளிடம் அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை. இல்லாத சட்டத்துக்காகப் போராடிக் காலத்தைக் கழிக்க வேண்டாம்.

நம் கையில் இருப்பது கடையின் அளவு. பத்தடி அகலம், முப்பதடி ஆழம் என்று இருக்கும் பழைய கடைக்குள் பெரிய நிறுவனம் வராது. அவர்களுக்கு ஆயிரக்கணக்கான சதுர அடி வேண்டும், லாரி பின்பக்கம் வந்து நிற்க வேண்டும். சுவரை இடித்து நாலு கடையை ஒன்றாக்கும் அன்றுதான் தெருவின் கதை மாறுகிறது. எனவே உரிமையாளர்களிடம் நீங்கள் வாங்க வேண்டிய மிக முக்கியமான வாக்கு இது: மாடி கட்டுங்கள், பின்னால் நீட்டுங்கள், தெருப்பக்கம் கடைகளைச் சேர்க்காதீர்கள். சின்னக் கடைகளாக விட்டால் சதுர அடிக்கு வாடகை கூடவே கிடைக்கும் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டலாம். ஒரு வாடகைதாரர் போனாலும் மொத்தமும் காலியாகக் கிடக்காது.

புதிய கட்டடம் கடலுக்கு அருகில் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். யாராவது இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நகராட்சியில் திட்ட அனுமதி, மண்டல அனுமதி இரண்டும் இருக்கிறதா என்று முறையாகக் கேட்டு எழுதுங்கள். சண்டையாக இல்லாமல் தகவலாகக் கேளுங்கள்.

தரைக்கடை அம்மாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

கருவாட்டுக் கூடையோடும் காய்கறியோடும் கடை வாசலில் உட்காருகிறவர்களை இடைஞ்சல் என்று விரட்டும் வியாபாரிகள் சங்கங்கள் இருக்கின்றன. இது தன் வாடிக்கையாளரைத் தானே துரத்துவது. கருவாடு வாங்க வந்தவர்தான் பக்கத்தில் புளியும் வத்தலும் வாங்குகிறார்.

2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குத் தெளிவான பாதுகாப்புத் தருகிறது. ஒவ்வொரு நகராட்சியிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகளே தேர்தல் மூலம் வர வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு, அதன்படி சான்றிதழ். இடம் மாற்றச் சொல்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு. ஐம்பது வருடத்துக்கு மேல் தெருவோர வியாபாரம் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களை அகற்றக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படியொரு கருவாட்டுச் சந்தை இருந்தால், முதலில் எழுதிய நோட்டே சாட்சி. பழைய ரசீது, சுங்கச் சீட்டு, புகைப்படம், பெரியவர்களின் வாக்குமூலம் சேர்த்து ஆணையரிடம் கொடுங்கள். குழுவில் வியாபாரிகள் சங்கத்துக்கும் இடம் உண்டு. கடைக்காரரும் தரைக்கடைக்காரரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பேசினால் நகராட்சியும் இறங்கி வரும்.

வியாபார நேரம், குப்பை, வாசல் மறைக்காமல் எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதை நீங்களே பேசி முடியுங்கள். அதற்கு யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை.

உப்புக் காற்றுக்குத் தகுந்த கடை

பழைய கடைகளில் ஷட்டர் கிடையாது. மேலும் கீழும் பள்ளம் வெட்டிய சட்டத்தில் பலகை பலகையாகச் சொருகுவார்கள். ஒவ்வொரு பலகையிலும் வரிசை எண் செதுக்கியிருக்கும், மாற்றிச் சொருகினால் உட்காராது. கடைசிப் பலகையில் மட்டும் பூட்டு. ராத்திரி கடை அடைப்பதற்குக் கால்மணி நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் கடற்காற்றில் இரும்பு ஷட்டர் சில வருடத்தில் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்கிறது, வருடா வருடம் எண்ணெயும் பெயின்டும் கேட்கிறது. நல்ல மரப்பலகை தலைமுறை தாண்டுகிறது. இருக்கும் பலகைகளை விறகுக்குப் போடாதீர்கள்.

சுவர் விஷயத்திலும் இதே கதை. பழைய கட்டடங்கள் பலவும் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டப்பட்டவை. அந்தக் கல்லை இன்று கடலிலிருந்து எடுப்பது குற்றம், எடுக்கவும் கூடாது. இருக்கிற சுவரைப் பழுது பார்க்கும்போது சிமென்ட் பூசினால் உள்ளே இருக்கும் உப்பீரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். சுண்ணாம்புப் பூச்சே சரி. அது தெரிந்த கொத்தனார் உங்கள் வட்டாரத்தில் ஒருவர் இருந்தாலும் அவர் பெயர் நோட்டில் இருக்கட்டும், இரண்டு இளைஞர்கள் அவரிடம் வேலை பழகட்டும்.

பெயர்ப்பலகை: தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 அளவில் இருக்க வேண்டும் என்பது மாநில விதி. கையால் எழுதும் ஓவியர் இன்னும் இருந்தால் அவரிடமே கொடுங்கள். பிளெக்ஸ் வெயிலில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

சரக்கின் நாணயம்

முண்டு மிளகாய் என்று பலகையில் எழுதி வெளியூர் வத்தலைக் கலந்து விற்றால் முழுத் தெருவின் பேரும் கெடும். புவிசார் குறியீட்டு முத்திரையைப் பயன்படுத்த, அதற்கான அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகச் சென்னையிலுள்ள பதிவகத்தில் பதிய வேண்டும். சின்னக் கடைகள் தனித்தனியாக அலைவதை விட, விவசாயிகள் குழுவோடு சேர்ந்து விண்ணப்பிக்கட்டும்.

ராமேஸ்வரம் சங்குக் கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பவளம், கடல் குதிரை, சில வகைச் சிப்பிகள் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கடல் அட்டை பிடிக்க 2001-லிருந்தே தடை. "எல்லாரும்தான் விக்கிறாங்க" என்று ஒரு கடை மாட்டினால் மன்னார் வளைகுடா முழுவதற்கும் கெட்ட பேர். தடை செய்யப்பட்டவற்றின் படத்தோடு ஒரு பட்டியலை வனத்துறையிடம் கேட்டு வாங்கி எல்லாக் கடையிலும் ஒட்டுங்கள். வருகிற யாத்திரிகரும் படித்துப் பார்க்கட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள்தான் உங்கள் இரண்டாவது சந்தை. தொதலும் கருப்பட்டியும் கருவாடும் அவர்களுக்கு வேண்டும். ஆளுக்கொரு பார்சல் சர்வீஸ் என்று இல்லாமல், தெருவுக்கே ஒரு கட்டும் இடம் வையுங்கள். காற்றுப் புகாத கட்டு, செய்த தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இவை மூன்றும் கண்டிப்பாக வேண்டும்.

மற்றவை

நிழல், குடிநீர், கழிப்பறை. கடைகளில் வேலை செய்யும் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், காரணம் எல்லோருக்கும் தெரியும். சங்கம் முதல் பணத்தை வளைவு கட்டுவதில் போடாமல் இதில் போடட்டும். சரக்கு இறக்கும் நேரத்தைக் காலை எட்டு மணிக்கு முன் என்று முடிவு செய்துவிட்டால் போக்குவரத்துத் தொல்லையில் பெரும்பகுதி குறையும். பைக் நிறுத்த ஓரிடம் பாருங்கள், பள்ளிவாசல் கோவில் நேரங்களைக் கணக்கில் வைத்து.

சங்கத்தை எழுத்தில் கொண்டுவருவது

பல ஊர்களில் வியாபாரிகள் சங்கம் தேர்தல் சமயத்தில் மட்டும் விழித்துக்கொள்கிறது. தனியாக ஒரு தெருக் குழுவைத் தொடங்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். அந்த ஏழில் கட்டட உரிமையாளர் இருவர், கடைக்காரர் இருவர், தரைக்கடை அம்மா ஒருவர், வேலையாள் ஒருவர், வெளிநாட்டில் இருப்பவர்களோடு தொடர்பு வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் என்று இருந்தால் எந்த முடிவும் ஒருபக்கம் சாயாது. மாதச் சந்தா சின்னதாக இருக்கட்டும், ரசீது கட்டாயம். வருடக் கணக்கைத் தெருவிலேயே பலகையில் ஒட்டுங்கள்.

தடைக்காலத்துக்கென்று ஒரு சிறு கைமாற்று நிதி வைப்பது நல்லது. ஏப்ரலில் கொடுத்து ஆகஸ்டுக்குள் திரும்ப வாங்குவது போல. வட்டி வேண்டாம், பள்ளிவாசல் பக்கமும் அதற்கு ஆதரவு கிடைக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை, தை பிறந்ததும் நோட்டை எடுத்துத் திரும்பவும் முனையிலிருந்து முனைக்குப் போங்கள். ஒப்பந்தம் பதிந்த பக்கங்களில் சிவப்புக் கோட்டின் மேல் பச்சை, புதிதாக மூடியவற்றுக்கு அன்றைய தேதி, புதிதாகத் திறந்தவற்றுக்குப் புதுப் பக்கம். ஏப்ரல் 15-க்கு முன் அந்த வருடத்தின் பருவ வாடகைப் பேச்சை முடித்துவிடுங்கள்.